மனுவிலிருந்து அரசாணை வரை: இரட்டைமலை சீனிவாசன் நடந்த வழி

தேனி மாவட்டத்தில் தலித் உரிமைக்காக இயங்கும் சிறிய அமைப்புகளின் ஊழியர்கள் பலவகைப் பயிற்சிகளுக்கு அழைக்கப்படுகிறார்கள். சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் நோக்கிக் கோரிக்கைகளை எடுத்துச்செல்லும் பரப்புரைப் பயிற்சி அவற்றுள் ஒன்று. உறுப்பினரை எவ்வாறு அணுகுவது, ஆவணத்தை எவ்வாறு தயாரிப்பது, மசோதா எந்தெந்தப் படிகளைக் கடக்கும் என்பவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவை தேவையான பாடங்களே. ஆனால் இப்பயிற்சிகளில் காட்டப்படும் முன்மாதிரிகள் பெரும்பாலும் அயல்நாட்டவை. அதனால் இக்கலை எங்கிருந்தோ இறக்குமதியாகி நம்மிடம் வந்தது என்ற எண்ணம் நம் இளைஞர்களிடையே படிந்துவிடுகிறது.

உண்மை வேறு. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே, வாக்குரிமையோ நிதியோ கட்சியோ இல்லாத நிலையில், இக்கலையின் எல்லாப் படிகளிலும் ஒருவர் நடந்து காட்டினார். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனின் பெயர் நம் மேடைகளில் முழங்கும் அளவுக்கு அவருடைய செயல்முறை படிக்கப்படுவதில்லை. அவர் வாழ்க்கையைச் சட்டத்துறையில் இருப்பவரின் கண்கொண்டு படித்தால், அது ஒரு பாடநூலாகவே விரிகிறது.

கணக்கரின் கண்

செங்கல்பட்டுப் பகுதியில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் சீனிவாசன். அவர் பிறந்த ஜூலை 7 இன்று அரசால் நினைவுகூரப்படுகிறது. கோயம்புத்தூரில் பயின்றபோது உடன் படித்தவர்களில் மிகப்பெரும்பாலோர் பிராமண மாணவர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் பிற மாணவரோடு சேராமல் ஒதுங்கியே இருந்தார் என்பதை அவருடைய ஜீவிய சரித்திர சுருக்கம் சொல்கிறது. 1939-இல் வெளிவந்த அச்சிறு நூல், தலித் ஒருவர் தமிழில் எழுதிய தன்வரலாறுகளில் மிக முந்தியவற்றுள் ஒன்று.

படிப்புக்குப்பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் மேடை ஏறவில்லை. சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் நேரில் சென்று மக்களின் நிலை, தொழில், வழக்காறு, முன்னோர் வரலாறு ஆகியவற்றைக் கேட்டறிவதில் ஆண்டுக்கணக்கில் செலவிட்டார். இன்று கள ஆய்வு என்றும் அடிப்படைத் தரவு என்றும் நாம் குறிப்பிடுவது இதைத்தான். கோரிக்கைக்குமுன் கணக்கு வேண்டும் என்பதைக் கணக்கர் அறிந்திருந்தார்.

பத்திரிகை, சபை, 112 அடி மனு

1891-இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்களில் மாத இதழாகப் பிறந்த அது சில மாதங்களிலேயே வார இதழாகி, பின்னர் சொந்த அச்சகத்தையும் பெற்று, 1900 வரை வெளிவந்தது. இழிவுக்கெனப் பயன்படுத்தப்பட்ட பெயரையே தலைப்பாக ஏற்றது அவர் தெரிந்தெடுத்த வழி. உரிமை கேட்பவர் தம்மை மறைத்துக்கொண்டு கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்காமல் வேறு திசையில் சென்றார். உறவினராகவும் சமகாலத்தவராகவும் இருந்த இருவரும் மாறுபட்ட வழிகளில் ஒரே இலக்குக்காக உழைத்தார்கள்.

இதழ் தொடங்கிய இரண்டாம் மாதத்திலேயே அதன் பயன் வெளிப்பட்டது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது அன்றைய காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானித்தது. தேர்வு இங்கே நடந்தால் ஆதிக்கசாதியினர் மட்டுமே மாவட்ட ஆட்சியர்களாகவும் நீதிபதிகளாகவும் அமர்வார்கள், கல்வி மறுக்கப்பட்ட மக்கள் மேலும் நசுக்கப்படுவார்கள் என்று சீனிவாசன் கருதினார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி எதிர்ப்பு மனு தயாரித்தார். 3,412 பேர் கையொப்பமிட்ட அம்மனு 112 அடி நீளமிருந்தது. ஜெனரல் செஸ்னி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அது லண்டனுக்குச் சென்றது.

அக்கோரிக்கையின் நிலைப்பாடு குறித்து இன்றும் விவாதிக்கலாம். தேசியவாத வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஆங்கிலேயருக்குத் துணைபோன செயலாகவே பார்ப்பார்கள். ஆனால் அதிகாரம் இந்தியர் கைக்கு மாறும்போது எந்த இந்தியர் கைக்கு மாறுகிறது என்ற வினாவை அன்றே எழுப்பியவர்களுள் அவர் ஒருவர். இந்தியாவில் அத்தேர்வு 1922-இல்தான் தொடங்கியது. தாமதத்துக்குக் காரணம் இந்த ஒரு மனு என்று சொல்ல இயலாது. நாம் கவனிக்க வேண்டியது அவருடைய முறையை. முடிவெடுக்கும் இடம் சென்னையன்று, லண்டன் என்று கண்டறிந்தார். அந்த அவையில் குரல்கொடுக்கக்கூடிய உறுப்பினரைத் தேடினார். எண்ணிக்கையைக் கையொப்பங்களால் மெய்ப்பித்தார். இதழின் வழியாகத் தம் மக்களையும் அதற்கு ஆயத்தப்படுத்தினார். 1895-இல் வைஸ்ராய் எல்ஜின் பிரபு சென்னைக்கு வந்தபோது ஊர்வலமாகச் சென்று சந்தித்ததும் இதன் தொடர்ச்சியே.

கடல் கடந்த ஆண்டுகள்

தம் மக்களின் நிலையை இங்கிலாந்தில் நேரில் எடுத்துரைக்கும் நோக்கத்தோடு 1900-இல் கப்பலேறினார். பயணம் ஆப்பிரிக்காவில் தடைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கு வழக்கறிஞராக இருந்த காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்ததாகவும் எழுதியுள்ளார். சாட்சியின் சொல் எவ்வாறு ஆவணமாகிறது, ஆவணத்தின் ஒரு சொல் எவ்வாறு தீர்ப்பை மாற்றுகிறது என்பதை அன்றாடம் காணும் இடம் நீதிமன்றம். பின்னாளில் அவர் அவையில் முன்வைத்த தீர்மானத்தின் துல்லியத்தில் அந்த ஆண்டுகளின் பயிற்சியைக் காண முடிகிறது.

1924: ஒரு தீர்மானத்தின் உடற்கூறு

1921-இல் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினரானார். ஒடுக்கப்பட்ட வகுப்பினரிலிருந்து வந்தவர்கள் அந்த அவையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவருக்குமுன் 1920-இலேயே நியமிக்கப்பட்ட எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் முதலிய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஆவணங்களில் 1922-இல் இடம்பெறச் செய்திருந்தார்.

1924 ஆகஸ்ட் 22 அன்று சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் இரண்டு கூறுகளைக் கொண்டது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடப்பதற்குத் தடையில்லை என்பது முதற்கூறு. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுப்பணி நடக்கும் கட்டடம் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே உரிமை, அதே அளவில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் உண்டு என்பது இரண்டாம் கூறு. தீர்மானம் ஏற்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 25 நாளிட்ட அரசாணையாக வெளிவந்தது.

இதன் வடிவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சமத்துவம் வேண்டும் என்று பொதுவாக அவர் கேட்கவில்லை. சாலை, கிணறு, குளம், அலுவலகம் என்று பெயர் சுட்டிக் கேட்டார். அவை பொதுப்பணத்தில் உருவாகிப் பொதுப்பணத்தில் பராமரிக்கப்படுபவை. எனவே எதிர்ப்பவர்கள் சமயத்தையோ வழக்காற்றையோ கேடயமாக்குவது எளிதன்று. அவையில் பெரும்பான்மை இல்லாத ஒருவர், மறுப்பதற்கு எவரும் வெட்கப்படும்படியாகக் கோரிக்கையை வடிவமைத்தார்.

அத்தீர்மானத்துக்கு ஒரு குறையும் இருந்தது. அது கொள்கை அறிவிப்பு. மீறுவோருக்குத் தண்டனை இல்லை. அக்குறையை நிரப்பும் பணியை அவையிலிருந்த மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஆர். வீரய்யன் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்த முயன்றார். 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அறிவிப்பு, திருத்தம், தண்டனைச் சட்டம் என்று படிப்படியாக நகர்ந்த இவ்வரிசை ஒரு தலைமுறையின் கூட்டுப்பணி.

லண்டனும் பூனாவும்

1930-இல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பேராளர்களாக அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனும் சென்றார்கள். தீண்டத்தகாதவர் என்று எழுதிய அடையாளத்தை அணிந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அதைவிடப் பெரிய பணி ஆவண வடிவில் நடந்தது. வயதுவந்தோர் வாக்குரிமை, தனித்தொகுதி, அரசுப்பணியில் இடம், பாகுபாட்டுக்குத் தண்டனை ஆகிய பாதுகாப்புகளை இருவரும் கூட்டாக எழுதி அளித்தார்கள். 1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புவாரித் தீர்ப்பு தனித்தொகுதியை வழங்கியது. காந்தியின் எரவாடா உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் உருவானது. அதில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். மாகாண அவைகளில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் தம் பேராளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கைநழுவியது.

அவ்விழப்பின் நிழல் இன்றும் நம் மாவட்டத்தின்மேல் விழுகிறது. தேனியின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் பெரியகுளம் தனித்தொகுதி. தனித்தொகுதி உறுப்பினரும் எல்லாச் சாதியினரின் வாக்குகளையும் நம்பியே வெல்ல வேண்டியிருக்கிறது. தலித் ஒருவர் அவையில் இருப்பது வேறு. தலித் கோரிக்கை அவையில் ஒலிப்பது வேறு. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வெளியிலிருக்கும் அமைப்புகளுடையது.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். சென்னை ஓட்டேரியில் அவர் நினைவிடம் உள்ளது. 2000-இல் இந்திய அரசு அவர் அஞ்சல்தலையை வெளியிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் 1924

அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம், போடி ஆகிய ஊர்களுக்கும் அந்த அரசாணை பொருந்தும். அதன் சொற்கள் மறையவில்லை. சாலை, கிணறு, குளம், பொது இடம் ஆகியவை அரசியலமைப்பின் 15(2) கூறில் இடம்பெற்றன. 1955-இன் தீண்டாமை ஒழிப்புச் சட்டத்தில் தொடர்ந்தன. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தம் இடுகாடு, நீர்நிலை, பாதை ஆகியவற்றைத் தடுப்பதையும், காலணி அணிவதையோ இருசக்கர வண்டி ஓட்டுவதையோ தடுப்பதையும் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளுக்கெனத் தனி இயலே அத்திருத்தத்தில் உண்டு. நாடெங்கிலுமுள்ள தலித் அமைப்புகள் வழக்குகளைத் தொகுத்து, வரைவு எழுதி, உறுப்பினர்களைச் சந்தித்துப் பல ஆண்டுகள் உழைத்ததன் விளைவு அது. 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னாலும் அத்தகைய நெடுநாள் கோரிக்கை இருந்தது.

பள்ளத்தாக்கில் செய்ய வேண்டியவை குறைவில்லை. 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டுக் கைமாறிய பஞ்சமி நிலங்களின் பட்டியல் வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு அப்பால் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் உரிமை, இரண்டு மாநிலங்களின் சட்டங்களுக்கு இடையில் சிக்கியிருக்கிறது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் மனு கொடுப்பதோடு இவற்றை முடித்துக்கொள்ள இயலாது. அந்த மனு ஒருவருடைய இன்னலைத் தீர்க்கலாம், விதியை மாற்றாது.

விதியை மாற்றுவதற்கான வாயில்கள் உள்ளன. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட அளவில் கூடவேண்டிய விழிகண்காணிப்புக் குழுவின் கூட்டக்குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கு எழுதலாம். உறுப்பினர் அவையில் எழுப்பத்தக்க வினாவை நாமே எழுதிக்கொடுக்கலாம். மசோதா வருமுன் வரைவு தரலாம். வந்தபின் விதிகள் எழுதப்படும் காலத்தில் விழிப்போடு இருக்கலாம். அயல்நாட்டு நிதி பெறும் அமைப்புகள், 2010-இன் சட்டம் அரசியல் தன்மையுள்ள அமைப்புகளுக்கு விதிக்கும் தடையை மனத்திற்கொண்டு தம் செயலை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அச்சத்தால் வாய்மூடியிருக்கத் தேவையில்லை. அரசிடம் குறைதீர்க்கக் கோருவது குடிமக்களின் உரிமை.

சீனிவாசன் வழியில் ஐந்து படிகளைக் காண்கிறோம்: நேரில் சென்று அறிதல், தம் மக்களிடம் பேசுதல், முடிவெடுக்கும் இடத்தைக் கண்டறிதல், மறுக்க இயலாத சொற்களில் எழுதுதல், ஏட்டில் ஏறியதை நடைமுறையில் தொடர்தல். முதல் நான்கையும் நம் அமைப்புகள் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டன. ஐந்தாவதுதான் கடினம். 1924-இல் திறக்கப்பட்ட தெருவில் இன்றும் சவ ஊர்வலம் மறிக்கப்படுகிறது என்றால், அரசாணையோடு வேலை முடிந்துவிட்டதாக யாரோ எண்ணிவிட்டார்கள் என்பதே பொருள். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு ஊராட்சியிலும் எந்தப் பாதை, எந்தக் கிணறு, எந்த இடுகாடு இன்னும் மூடியிருக்கிறது என்ற பட்டியலை எழுதுவதிலிருந்து நம் பயிற்சி தொடங்கட்டும்.