ஆக்னஸ் ஸ்மெட்லி அம்மையார்

நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிக் கம்பெனி தோன்றியது. சுரங்கத்தோடு வீடுகளும் பள்ளிகளும் ஆஸ்பத்திரியும் கொண்ட நகரமும் எழுந்தது. இவ்வசதிகள் இல்லாத வேறொரு சுரங்கப் பிரதேசத்தில் வளர்ந்து, உலகறிந்த பத்திரிகை நிருபரான ஒரு மாதரசியின் சரிதத்தை அந்நகரத்து வாசகர்களுக்கு நாம் இன்று நினைவூட்ட விரும்புகிறோம். அவருக்கு நம் தேசம் பட்ட கடன் சிறிதன்று.

ஆக்னஸ் ஸ்மெட்லி அமெரிக்காவில் மிஸ்ஸௌரி மாகாணத்தில் 1892-இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கொலராடோவின் சுரங்க ஊர்களில் வளர்ந்தார். தாயார் பிறர் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். உயர்நிலைப் பள்ளியை எட்டாத ஆக்னஸ், தம் முயற்சியால் கற்று ஒரு கிராமப் பள்ளியில் உபாத்தியாயினி ஆனார்.

நியூயார்க்கில் லாலா லஜபதி ராயின் பரிச்சயம் அவர் வாழ்வைத் திருப்பிற்று. இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத அப்பெண், நம் விடுதலைக்கு உழைத்ததற்காக 1918-இல் சிறை புகுந்தார். பின்னர் பெர்லின் சென்று, ஸ்ரீமதி சரோஜினி தேவியின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயருடன் வாழ்ந்து அப்பணியைத் தொடர்ந்தார்.

1928-இன் இறுதியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டர் சைட்டுங் பத்திரிகையின் நிருபராகச் சீனா சென்றார். பிற்பாடு மான்செஸ்டர் கார்டியனுக்கும் எழுதினார். தலைநகர் ஹோட்டல்களில் தங்கிச் செய்தி திரட்டுவதோடு அவர் திருப்தியடையவில்லை. படைகளுடன் நடந்தார், காயமுற்ற சிப்பாய்களுக்கு மருந்து தேடி அலைந்தார். அவருடைய தூண்டுதலால் தளபதி சூ டே பண்டித நேருவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1938-இல் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பிற்று. அவர்களுள் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் 1942-இல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார்.

1949-இல் அமெரிக்க ராணுவத்தின் அறிக்கையொன்று அம்மையாரை ஒற்றர் என்றது. சில நாட்களில் ராணுவமே அதை வாபஸ் பெற்றது. சாட்சியமின்றிக் குற்றம் சாட்டியது அநீதியே. ஆயினும், அவருக்குக் கம்யூனிஸ்ட் அகிலத்துடன் இரகசியத் தொடர்பு இருந்ததென்று பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைக் காட்டி எழுதியுள்ளனர். இதை மறைப்பது நியாயமாகாது. நிருபர் ஒரு கட்சியின் கருவியாவது தொழில் தருமத்துக்குக் குறையே. ஆனால் அக்குறை காரணமாக அவர் கண்டெழுதிய துயரங்கள் பொய்யாகிவிடா. நமக்காக அவர் ஏற்ற சிறைவாசமும் இல்லாததாகிவிடாது.

1950, மே 6-ஆம் தேதி இங்கிலாந்தில் அவர் காலமானார். அவரது அஸ்தி பீகிங்கில் அடக்கம் செய்யப்பட்டது. சீனா அவருக்கு இடமளித்தது. நாம் அவரை மறவாதிருப்பதே நம்மாலியன்ற கைம்மாறு.