தாம்பரம் ஹாஸ்டல் தரையிலிருந்து திருவொற்றியூர் டயர் வரை

ஜி.எஸ்.டி. ரோட்டுல பல்லாவரம் தாண்டி பெருங்களத்தூர் வரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போய்ப் பாருங்க. ஏதாவது ஒரு டயர் கடை வாசல்ல பழைய பொலேரோவோ சுமோவோ ஸ்கார்பியோவோ ஜாக்கி மேல நிக்கும். பக்கத்துல ஓனர் கையைக் கட்டிக்கிட்டு யோசனையில இருப்பார். வண்டிக்கு வயசு பத்துக்கு மேல. நாலு டயரும் மொட்டை. நாலையும் புதுசாப் போடவா, ரெண்டு மட்டும் மாத்தவா, கொஞ்சம் பெரிய சைஸ் போட்டா கெத்தா இருக்குமா, இல்ல ரீட்ரெட் பண்ணி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா? கடைக்காரர் ஒண்ணு சொல்வார், கூட வந்த மச்சான் வேற ஒண்ணு சொல்வார்.

தேய்ஞ்ச டயரை வச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கிற இந்தக் கேள்வியில இருந்துதான் இந்தியாவோட மிகப்பெரிய டயர் கம்பெனிகள்ல ஒண்ணு முளைச்சது. அதை ஆரம்பிச்சவர் படிச்சது நம்ம பக்கத்துலயே, கிழக்குத் தாம்பரத்துல, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல. பேரு கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. நம்ம காதுக்கு மாமனும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்த மாதிரி கேக்கும். ஆனா மாப்பிள்ளைங்கிறது கேரளத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல வழிவழியா வர்ற ஒரு பட்டம்.

1922-ல் திருவிதாங்கூர்ல பிறந்தவர். சாதாரணக் குடும்பம் இல்ல. அப்பா கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையோட ஆசிரியர். பத்திரிகையோட ஒரு பெரிய வங்கியையும் நடத்தினார்: திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பேங்க். அந்தக் காலத்து தென்னிந்தியாவுல பெரிய வங்கிகள்ல அதுவும் ஒண்ணு. வீட்ல காசுக்கும் செல்வாக்குக்கும் பஞ்சம் இல்லை.

1938-ல் எல்லாமே ஒரே வருஷத்துல போச்சு. திருவிதாங்கூர் திவானா இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் அரசியல் மோதல் முத்தியிருந்தது. வங்கி மூடப்பட்டது. மனோரமா அச்சகத்துக்கு சீல் வச்சாங்க. அப்பா கைதாகி சிறைக்குப் போனார், குடும்பச் சொத்து பறிபோச்சு. அப்போ நம்ம ஆளுக்கு வயசு பதினாறுதான். யார் பக்கம் எவ்வளவு நியாயம்னு வரலாற்றுக்காரங்க இன்னைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, அதுக்குள்ள நாம போக வேண்டாம். ஒரு பையனோட கண்ணால பார்த்தா, நேத்து வரைக்கும் இருந்த வீடு இன்னைக்கு இல்லை. அவ்வளவுதான்.

எம்.சி.சி. 1937-லதான் ஜார்ஜ் டவுன்ல இருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்தது. பாரிமுனை நெரிசலை விட்டுட்டு நூத்துக்கணக்கான ஏக்கர் புதர்க்காடு. பீச்ல இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்து அப்போ சில வருஷம்தான் ஆகியிருந்தது. செயின்ட் தாமஸ் ஹால், செலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால்னு மூணு ஹாஸ்டல். செயின்ட் தாமஸ் ஹாலோட தரையில படுத்துத் தூங்கித்தான் மாம்மன் மாப்பிள்ளை காலேஜ் காலத்தை ஓட்டினார். பேங்க் நடத்துன வீட்டுப் பிள்ளை, ரூமுக்குக் கட்டப் பணம் இல்லாம. நம்ம ஹாஸ்டல்ல மெஸ் பில் கட்டாம சமாளிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

படிப்பு முடிஞ்சு 1946-ல் திருவொற்றியூர்ல ஒரு கொட்டகை. அதுல அவர் பண்ண ஆரம்பிச்சது பொம்மை பலூன். பலூனுக்கு மெஷினே கிட்டத்தட்ட தேவையில்லை. ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ், அதுல அச்சை முக்கி எடுத்து, காய வச்சு, உரிச்சா பலூன். செஞ்சதைப் பையில போட்டுக்கிட்டு அவரே மெட்ராஸ் தெருத்தெருவா கொண்டு போய் வித்தார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரின்னு பேரு மட்டும் பெருசு. அந்தப் பேரோட சுருக்கம்தான் எம்.ஆர்.எஃப். 1949 வாக்குல பொம்மைகள், கையுறை மாதிரி மத்த ரப்பர் சாமான்களும் சேர்ந்தது. தம்புச் செட்டித் தெருவுல ஆபீஸ் போட்டாங்க. அவர் சேர்றதுக்கு முன்னாடி காலேஜ் இருந்த அதே ஜார்ஜ் டவுன்.

பலூனோடயே நின்னிருந்தா இந்தக் கட்டுரையே கிடையாது. 1952-ல் ஒரு திருப்பம். சொந்தக்காரர் ஒருத்தர் டயர் ரீட்ரெடிங் பட்டறை வச்சிருந்தார். அதுக்கு வேண்டிய ட்ரெட் ரப்பர் முழுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கிட்ட இருந்துதான் வந்தது. மாம்மன் மாப்பிள்ளைக்கு அங்கதான் உறைச்சது. ரப்பர் மரம் நிக்கிறது அவர் பிறந்த நாட்டுல, தேயுற டயர் ஓடுறது நம்ம ரோட்டுல, நடுவுல இருக்கிற லாபம் மட்டும் கப்பல் ஏறுது.

ரீட்ரெடிங்னா என்னன்னு மெக்கானிக்கல் பசங்களைத் தவிர மத்தவங்களுக்காக: டயர் தேயுறது வெளிப்பக்கம் மட்டும்தான், நம்ம ஊர் பாஷையில பட்டன். உள்ளே இருக்கிற கூடு, அதாவது கேசிங், நல்லா இருந்தா அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. தேய்ஞ்ச மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, ரப்பர் சொல்யூஷன் தடவி, வேகாத ட்ரெட் ரப்பரைப் பட்டையா சுத்தி, அச்சுக்குள்ள வச்சு கிட்டத்தட்ட 150 டிகிரியில வேக வைப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில வல்கனைசேஷன்னு மனப்பாடம் பண்ணோமே, சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடிச்சது, அதேதான். கந்தகம் ரப்பர் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு கோத்துவிடும். பிசுபிசுன்னு இருந்தது இறுகி ரோட்டுக்குத் தாங்கும்.

பலூன் செஞ்சவருக்கு இது பக்கத்து வீட்டுத் தொழில் மாதிரி தெரியலாம், அப்படி இல்லை. பலூனுக்கு ரப்பர் பால். ட்ரெட் ரப்பருக்கோ காய்ஞ்ச ஷீட் ரப்பரை ரெண்டு பெரிய உருளைகளுக்கு நடுவுல அரைச்சு, கார்பன் பிளாக், கந்தகம் எல்லாம் அளவாக் கலக்கணும். கலவை கொஞ்சம் பிசகினாலும் பட்டை நடு ரோட்டுல உரிஞ்சுக்கிட்டுப் போகும். லாரி கவிழும். பலூன் வெடிச்சா குழந்தை அழும், அதோட சரி. பலூன்ல சேர்த்த காசை எல்லாம் அவர் இதுல போட்டார். தோத்திருந்தா திரும்பவும் தரைதான்.

தோக்கலை. நாலஞ்சு வருஷத்துல இந்திய ட்ரெட் ரப்பர் சந்தையில கிட்டத்தட்டப் பாதி எம்.ஆர்.எஃப். கையில. என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையில பெரிய பாய்ச்சல் பின்னாடி வந்த டயர் இல்ல, இதுதான். புது டயர் வாங்குறவன் கம்பெனி பேரைப் பார்த்து வாங்குவான். தேய்ஞ்ச டயரோட வர்றவன் கணக்குப் பார்த்து வாங்குவான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை பைசான்னு கேக்குற லாரி ஓனர்கிட்ட ஜெயிக்கிறது லேசு இல்லை.

அடுத்தது முழு டயர். அப்போ அந்தத் தொழில் டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகள் ராஜ்ஜியம். நம்ம அம்பத்தூர்ல பஸ் ஸ்டாப் பேரே டன்லப்னு ஆனது சும்மாவா? 1960-ல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி லிமிடெட் கம்பெனியாச்சு. அமெரிக்காவோட ஒஹையோ மாநிலத்துல இருந்த மான்ஸ்ஃபீல்டு டயர் கம்பெனியோட தொழில்நுட்ப ஒப்பந்தம். திருவொற்றியூர் ஆலைக்கு நேருவே வந்தார்.

ஆனா மான்ஸ்ஃபீல்டு கொடுத்த தொழில்நுட்பம் நம்ம ரோட்டுக்கு ஒத்து வரலை. காரணம் யோசிச்சா புரியும். அங்க ரோடு வழவழ, சுமை அளவோட. இங்க வெயில், பள்ளம், அளவுக்கு மேல ஏத்துன பாரம். பாரம் கூடக்கூட டயர் ஒவ்வொரு சுத்துலயும் அதிகமா அமுங்கி நிமிரும். அந்த வேலையெல்லாம் உள்ள சூடாத்தான் மாறும். சூடு ஏறினா அடுக்குகள் பிரிஞ்சு டயர் வெடிக்கும். வாங்கி வந்த வரைபடத்தை வச்சுக்கிட்டுத் தொடர முடியாதுன்னு ஆனதும், சொந்தமா ஆராய்ச்சி பண்ணி நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டி வந்தது. காப்பி அடிச்ச ப்ராஜெக்ட் நம்ம லேப்ல ஓடாம போறது மாதிரிதான், ஆனா இங்க பணயம் ஒரு முழு ஃபேக்டரி.

1964-ல் விளம்பரம் பண்ண அலிக் பதம்சி லாரி டிரைவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். டயர்ல என்ன வேணும்னு கேட்டதுக்கு, அழகோ விலையோ இல்ல, பலம்தான் முதல்லன்னு அவங்க சொன்னதுல இருந்துதான் ரெண்டு கையாலயும் டயரைத் தலைக்கு மேல தூக்கி நிக்கிற அந்த மசில்மேன் பிறந்தார்.

டிரைவர்கள் சொன்னது அந்தப் பழைய பொலேரோ ஓனருக்கும் பொருந்தும். டயரோட பக்கவாட்டுல எழுதியிருக்கிறதைப் படிங்க. 215/75 ஆர் 15-ன்னா அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 75 சதவீதம், ரிம் 15 இஞ்ச். கணக்குப் போட்டா மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர். கெத்துக்காக 235/75 ஆர் 15 போட்டா அது 733.5 ஆகும், நாலு சதவீதத்துக்கு மேல கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில 104-ல ஓடும், பிக்கப் குறையும், வளைச்சுத் திருப்பும்போது ஃபெண்டர்ல உரசவும் வாய்ப்பு உண்டு. சைஸுக்குப் பக்கத்துல வர்ற எண் லோடு இண்டெக்ஸ். 100-ன்னா ஒரு டயர் 800 கிலோ தாங்கும். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறுற வண்டிக்கு, விலை கம்மின்னு அந்த எண் குறைஞ்ச கார் டயரை மாட்டவே கூடாது. நாலு இலக்கத் தேதியையும் பாருங்க: 2319-ன்னா 2019-ல் 23-ஆவது வாரம் செஞ்சது. ஆஃபர்ல கிடைக்குதுன்னு கடையில வருஷக்கணக்கா கிடந்ததை வாங்கிடாதீங்க.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழைக்காலத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஓட்டுறவங்க அதுவரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். தண்ணியை ஒதுக்குறது அந்தப் பள்ளங்கள்தான். ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்குன்னா புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்கினா வண்டியை மீட்கிறது கஷ்டம். ஆனா ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா நாலும் ஒரே சைஸா, ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும். ஓட்டுறது முழுக்க ஜி.எஸ்.டி. ரோடுன்னா எச்.டி. டயர் போதும். ஏ.டி. டயர் பார்க்க முரடா இருக்கும், சத்தமும் டீசல் செலவும் கூடும்.

ரீட்ரெட்? லாரி, பஸ்ஸுக்குச் சரி. நம்ம அரசுப் போக்குவரத்துக் கழகங்களே சொந்தமா ரீட்ரெடிங் யூனிட் வச்சிருக்காங்க. அந்தக் கேசிங் திரும்பக் கட்டுறதுக்குத் தோதா கனமா வர்றது. பத்து வருஷப் பழைய எஸ்.யூ.வி.யோட ரேடியல் டயருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், மிச்சமாகிற காசுக்கு அந்த ரிஸ்க் வேண்டாம். எந்தக் கம்பெனி டயர்னு கேக்காதீங்க, இது விளம்பரம் இல்ல. சைஸ், லோடு, தேதி மூணும் சரியா இருந்தா எந்த நல்ல கம்பெனியும் ஓகே.

மிச்சக் கதை வேகமா நடந்தது. 1967-ல் எம்.ஆர்.எஃப். டயர் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாச்சு, இந்தியக் கம்பெனிகள்ல முதல் தடவையா. எழுபதுகள்ல கோட்டயம், கோவா, அரக்கோணம்னு ஆலைகள். மான்ஸ்ஃபீல்டு விலகுனதும் பேரு வெறும் எம்.ஆர்.எஃப். லிமிடெட்னு ஆச்சு. 1987-ல் சேத்துப்பட்டு எம்.சி.சி. ஸ்கூல் மைதானத்துல டென்னிஸ் லில்லியை வச்சு வேகப்பந்து அகாடமி தொடங்கினாங்க. டயர் கம்பெனிக்கும் பவுலிங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, வேகத்தைத் தவிர வேற எதுவும் எனக்குத் தோணலை. பத்மஸ்ரீயும் கிடைச்சது.

2003 மார்ச் 3-ஆம் தேதி சென்னையில மாம்மன் மாப்பிள்ளை இறந்தார். வயசு 80. இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டோம். கம்பெனி பெரிய பெரிய டயர்களுக்கெல்லாம் போன பிறகும் ரீட்ரெட் ரப்பரை விடவே இல்லை. முன்கூட்டியே வேக வச்ச ப்ரீட்ரெட் பட்டைகள் இன்னைக்கும் எம்.ஆர்.எஃப். பேர்ல லாரி டயர்கள் மேல ஏறிக்கிட்டுத்தான் இருக்கு.