ஓட்டு வாங்காமலே நியூயார்க்கை ஆண்டவர்: யார் இந்த ராபர்ட் மோசஸ்?

டோல்கேட்டில் காசு கட்டும்போது, 'இந்த ரோட்டுக்கு வாங்கிய கடன் இன்னுமா அடையலை?' என்று யோசிச்சிருக்கீங்களா? அப்படின்னா ராபர்ட் மோசஸின் கதை உங்களுக்குத்தான்.

1888-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க்கின் விரைவுச்சாலைகளைத் திட்டமிட்டவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தேர்தலிலும் ஜெயித்ததில்லை, 1934-ல் ஆளுநர் பதவிக்கு நின்று பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

அப்புறம் அதிகாரம் எங்கிருந்து வந்தது? டோல் வசூலில் இருந்து.

1936-ல் திறந்த ட்ரைபரோ பாலத்தை நிர்வகித்த ஆணையத்தின் தலைவர் அவர். கடன் அடைந்ததும் இப்படிப்பட்ட ஆணையம் கலைய வேண்டும் என்பதே கணக்கு. மோசஸ் சட்டத்தைத் திருத்த வைத்தார். பழைய கடன் தீரும் முன்பே புதுப் பத்திரங்கள் வெளியிடலாம் என்றானது. அதாவது, டோலும் முடியாது, பதவியும் முடியாது. தன் அதிகாரங்களையும் பத்திர ஒப்பந்தத்துக்குள் சேர்த்துவிட்டார். அதில் கைவைத்தால் ஒப்பந்த மீறல் வழக்கு வரும்.

விலை கொடுத்தது யார்? 1952 டிசம்பரில், பிராங்ஸின் ஈஸ்ட் ட்ரிமான்ட் பகுதியில் சுமார் 1,500 குடும்பங்களுக்கு, 90 நாளில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலைக்காக. பாதையைக் கொஞ்சம் தெற்கே, பூங்கா ஓரமாகத் தள்ளினால் ஏறக்குறைய எல்லா வீடுகளும் தப்பும் என்று மக்கள் வரைபடத்தோடு போராடினார்கள். எதிர்ப்பதாகத் தேர்தலில் வாக்குறுதி தந்த ராபர்ட் வாக்னர், மேயரானதும் விட்டுக்கொடுத்தார். வீடுகள் இடிந்தன.

கீழ் மன்ஹாட்டனில் மட்டும் கணக்கு மாறியது. ஜேன் ஜேக்கப்ஸ் போன்றவர்களின் நீண்ட போராட்டத்தால், அங்கே திட்டமிட்ட விரைவுச்சாலை 1969-ல் கைவிடப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டே மோசஸின் பிடி போயிருந்தது. ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் ஆணையத்தைப் பொதுப் போக்குவரத்து அமைப்போடு இணைத்தார். பத்திரதாரர்கள் சார்பில் வழக்குப் போட்டிருந்த சேஸ் மன்ஹாட்டன் வங்கி பின்வாங்கியது. அந்த வங்கியை நடத்தியவர் ஆளுநரின் தம்பி டேவிட். பத்திரத்தால் கட்டிய கோட்டை, பத்திரம் கையில் இருந்தவர்களாலேயே சரிந்தது.

மோசஸ் 1981-ல் இறந்தார். அவர் போட்ட சாலைகளில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

உங்க ஊரில் அடுத்த விரைவுச்சாலை அறிவிப்பு வரும்போது, எத்தனை நிமிடம் மிச்சம் என்பதோடு நிறுத்திடாதீங்க. பாதையை முடிவு செய்தது யார், டோல் பணம் யார் கைக்குப் போகுது, அவரை நீங்க ஓட்டுப் போட்டு மாற்ற முடியுமா? இந்த மூன்றையும் கேளுங்க.