மனத்தையே மருந்தாக்கிய எமில் கூயே

முன்னுரை

ஆண்டு முழுவதும் கருத்தூன்றிப் படித்த மாணவன் தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைக் கண்டதும் திகைத்து அமர்ந்துவிடுவதை ஆசிரியர்களாகிய நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நேற்றிரவு தங்குதடையின்றி ஒப்புவித்த விடை, வருந்தி அழைத்தும் வருவதில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்து தேநீர் அருந்தும்போது அதே விடை தானாகவே நினைவில் எழுந்து நிற்கிறது. இங்குக் குறைந்தது அறிவா? முயற்சியா? இவ்விரண்டும் அல்ல, குறைந்தது வேறொன்று என்று கூறி, அதனைச் சீர்செய்ய எளியதொரு வழியும் காட்டிச் சென்றவர் பிரெஞ்சு நாட்டு மருந்தாளர் எமில் கூயே. தன் மனத்திற்குத் தானே நல்ல கருத்தை ஊட்டிக்கொள்ளும் தற்கருத்தேற்றம் என்னும் முறையை உலகறியச் செய்த அப்பெரியாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு நாட்டின் த்ருவா நகரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் எமில் கூயே பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைத் துறையில் பணிபுரிந்தவர். குடும்பம் வசதி குறைந்தது. பள்ளியில் சிறந்து விளங்கிய கூயே வேதியியல் ஆய்வாளராக வரவேண்டும் என்று விரும்பினார். குடும்பத்தின் பொருள் நிலை அதற்கு இடந்தரவில்லை. எனவே விரைவில் வருவாய் தரக்கூடிய மருந்தியலைக் கற்றுப் பட்டம் பெற்றார். 1882 முதல் த்ருவா நகரில் மருந்துக்கடை நடத்தினார். விரும்பிய கல்வி கிட்டாமற்போன வருத்தம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது அந்த மருந்துக்கடையே ஆகும்.

மருந்துக்கடையில் கண்ட உண்மை

மருந்து வாங்க வருவோரிடம் அதன் சிறப்பை எடுத்துரைத்து, நம்பிக்கையூட்டும் சிறு குறிப்பு ஒன்றையும் உடன் வைத்துக் கொடுப்பது கூயேயின் வழக்கமாயிற்று. அவ்வாறு பெற்றுச் சென்றவர்கள், ஒன்றும் சொல்லாமல் கொடுத்தபோது பெற்றவர்களைவிட விரைவில் நலமடைவதை அவர் கவனித்தார். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. மாறியது நோயாளியின் எதிர்பார்ப்பு மட்டுமே. இதனை இக்கால மருத்துவர்கள் வெற்று மருந்தின் விளைவு என்னும் தலைப்பில் விரிவாக ஆராய்கின்றனர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் இதுகுறித்து வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூர்க் கடைக்காரர்போல அமைதியாக அமர்ந்து கூயே அதனைக் கண்டறிந்திருந்தார்.

நான்சி நகரத்து ஆசான்கள்

அக்காலத்தில் நான்சி நகரம் அறிதுயில் ஆய்வுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஹிப்னாடிசம் என்று மக்கள் வழங்கும் அறிதுயிலுக்கு, 1840களில் அப்பெயரைப் பரப்பியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு. அம்முறையை ஏழை எளியோரின் நோய் நீக்கப் பயன்படுத்தியவர் நான்சியில் வாழ்ந்த லியெபோ என்னும் மருத்துவர். பல்கலைக்கழகப் பேராசிரியரான பெர்னைம் அவரோடு இணைந்து, அறிதுயிலின் ஆற்றல் கருத்தேற்றத்தில் அடங்கியுள்ளது என நிறுவ முயன்றார். 1880களின் நடுவில் கூயே இவ்விருவரிடமும் சென்று பயின்றார். பின்னர் அமெரிக்காவிலிருந்து அறிதுயில் குறித்த அஞ்சல்வழிப் பாடமொன்றையும் வரவழைத்துக் கற்றார்.

தொடக்கத்தில் நோயாளிகளைத் துயிலில் ஆழ்த்தியே அவர் கருத்தேற்றினார். நாளடைவில் துயில் தேவையில்லை என்னும் முடிவுக்கு வந்தார். பிறர் சொல்லும் எக்கருத்தும் கேட்பவர் உள்ளத்தில் அவருடைய சொந்தக் கருத்தாக மாறினாலன்றிப் பயன் தராது. அங்ஙனமாயின் உண்மையில் வேலை செய்வது தற்கருத்தேற்றமே ஆகும். ஆகவே பிறரை வசப்படுத்தும் கலையை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தம்மைத் தாமே செம்மைப்படுத்திக்கொள்ளும் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார்.

மரப்பலகை உவமை

கூயேயின் கொள்கைக்கு அடிப்படை ஒன்று உண்டு. மன உறுதியும் மனக்காட்சியும் ஒன்றோடொன்று மோதும்போது மனக்காட்சியே வெல்லும் என்பது அது. இதனை விளக்க அவர் எடுத்தாண்ட உவமை புகழ்பெற்றது. 30 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பலகையொன்றைத் தரையில் கிடத்தினால் யாவரும் அதன்மேல் எளிதில் நடந்து செல்வர். அதே பலகையை வானளாவிய இரு கோபுரங்களுக்கு இடையே வைத்தால் இரண்டடி வைப்பதற்குள் உடல் நடுங்கும். பலகை மாறவில்லை, கால்களும் மாறவில்லை. விழுந்துவிடுவோம் என்னும் காட்சி மனத்தில் புகுந்ததே காரணம்.

இவ்வுவமையைப் படிக்குந்தோறும் நமக்கு இப்னு சீனாவின் நினைவு வருகிறது. கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த அம்மருத்துவ மேதை, தம் ஷிஃபா என்னும் பெருநூலில் ஆன்மாவைப் பற்றி ஆராயும் பகுதியில் இதே கருத்தைக் கூறியுள்ளார். வழியில் கிடக்கும் மரத்தின்மேல் ஓடக்கூடியவன், அதே மரம் பள்ளத்தின்மேல் பாலமாக இருக்கும்போது தயங்கி நடப்பதையும், விழுவதாகிய காட்சி அவன் உள்ளத்தில் வலுப்பெறுவதையும் அவர் எடுத்துக்காட்டியுள்ளார். ஒன்பது நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவர் ஒரே உண்மையை ஒரே எடுத்துக்காட்டால் விளக்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

உறக்கம் வராதவன் உறங்கியே தீரவேண்டும் என்று முயன்றால் மேலும் விழிப்படைகிறான். மிதிவண்டி பழகுபவன் எதிரில் உள்ள கல்லில் மோதக்கூடாதென்று அஞ்சி அஞ்சி அதன்மீதே செல்கிறான். மறந்த பெயரை வலிந்து தேடினால் அது மேலும் மறைகிறது. இவையெல்லாம் கூயே காட்டிய சான்றுகள். தேர்வுக் கூடத்தில் திகைக்கும் மாணவனின் நிலையும் இதுவே. மறந்துவிடுவோம் என்னும் காட்சி உள்ளத்தை நிறைத்திருக்கும்போது, நினைவுகூர அவன் செய்யும் முயற்சி ஒவ்வொன்றும் அக்காட்சிக்கே வலுவூட்டுகிறது.

எளிய பயிற்சி

கூயே வகுத்த பயிற்சி மிக எளியது. காலையில் கண்விழித்ததும், இரவில் உறங்கும் முன்னும் கண்களை மூடிக்கொண்டு, எல்லா வகையிலும் தம் நலம் நாளுக்கு நாள் வளர்ந்துவருவதாகப் பொருள்படும் சிறு தொடரை இருபது முறை உதடுகள் அசையத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையில் மனம் செல்லாதிருக்க இருபது முடிச்சிட்ட நூலொன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தஸ்பீஹ் மணி உருட்டிப் பழகிய நம்மவர்க்கு அதன் பயன் எளிதில் விளங்கும். முயன்று சொல்லலாகாது, மனத்தோடு போராடலாகாது என்பது அவர் வற்புறுத்திய விதி. குழந்தை உறங்கும்போது அருகில் நின்று நல்லுரைகளை மெல்லிய குரலில் சொல்லுமாறு பெற்றோருக்கும் அறிவுரை கூறினார்.

தொண்டும் புகழும்

1910ஆம் ஆண்டில் கூயே மருந்துக்கடையை விட்டு நான்சிக்குக் குடியேறினார். தம் இல்லத்திலேயே நாள்தோறும் மக்களைச் சந்தித்தார். எவரிடமும் கட்டணம் பெறவில்லை. செல்வரும் வறியரும் ஒரே அறையில் அமர்ந்து அவர் உரையைக் கேட்டனர். 1913இல் லொரேன் பயன்முறை உளவியல் சங்கத்தை நிறுவினார். ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலறிஞர் சார்ல் போதுவான் 1920இல் வெளியிட்ட நூல் கூயேயின் முறையை அறிஞர் அவைக்குக் கொண்டு சென்றது. கூயே இங்கிலாந்து சென்று சொற்பொழிவாற்றினார். 1923இல் அமெரிக்காவிலும் பெருங்கூட்டம் அவரைக் காணத் திரண்டது.

புகழோடு ஏளனமும் வந்தது. மருத்துவர் சிலர் அவரை ஐயுற்றனர். செய்தித்தாள்கள் அவருடைய தொடரை நகைச்சுவைப் பொருளாக்கின. தொட்டவுடன் முடவரை நடக்கச்செய்வார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். தாம் எவரையும் குணப்படுத்தியதில்லை என்றும், குணமடைந்தோர் தம்மைத் தாமே குணப்படுத்திக்கொண்டனர் என்றும் கூயே இடையறாது அறிவித்து வந்தார். மருத்துவரின் மருந்தைக் கைவிடுமாறும் அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி மருந்து விற்றவர் அல்லவா? மருந்தும் மனமும் ஒன்றுக்கொன்று துணை என்பதே அவர் நிலை. அற்புதம் நிகழ்த்துபவர் என்னும் பெயரை ஏற்றிருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அதனை மறுத்த நேர்மையே அவருடைய பெருமை என்று நாம் கருதுகிறோம். 1926ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் நான்சியில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின்

கூயே மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த செய்தியை வெளியிட்டார். 1932இல் அதே நாட்டைச் சேர்ந்த ஷுல்ட்ஸ், உடல் தளர்வும் தற்கருத்தேற்றமும் இணைந்த பயிற்சிமுறையை நூலாக்கினார். 1960களில், தம் மூளை அலைகளின் போக்கைக் கருவியின் வாயிலாக உடனுக்குடன் அறிந்து, அவற்றைத் தாமே மாற்றிக்கொள்ள மனிதர் பழகலாம் என்று ஆய்வாளர் கண்டனர். மூளையலைப் பின்னூட்டம் என்னும் இப்பயிற்சியை இலண்டனில் இசைக்கல்லூரி மாணவர்க்கு அளித்து ஆராய்ந்த எக்னர், குரூசிலியர் ஆகியோர், கண்மூடித் தளர்ந்த நிலையில் பயின்றவர்களின் இசைத்திறன் மேம்பட்டதாக 2003இல் அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை, ஆராய்ச்சி தொடர்கிறது. எனினும் மனத்தைத் தளர்த்தி நெறிப்படுத்தினால் திறன் மலரும் என்று முடிச்சிட்ட நூலைக் கையில் தந்து கூயே கூறியதையே இன்று கருவிகொண்டு சோதிக்கின்றனர் எனலாம்.

முடிவுரை

தன்னம்பிக்கை படிப்புக்கு ஈடாகாது. நல்லெண்ணம் அறுவை மருத்துவத்திற்கு மாற்றாகாது. ஆயினும் படித்தவனின் படிப்பையும், மருந்துண்டவனின் மருந்தையும் அச்சம் வீணாக்கிவிடாமல் காக்க மனத்தைப் பழக்குதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் பாடத்தைச் செவ்வனே கற்றபின், உறங்கும் முன் சில மணித்துளிகள் அமைதியாக அமர்ந்து, தாம் தெளிவாக எழுதும் காட்சியை உள்ளத்தில் கண்டு பழகுவார்களாக. பெற்றோரும் ஆசிரியரும், நீ உருப்படமாட்டாய் என்னும் கொடுஞ்சொல்லைப் பிள்ளைகளிடம் கூறாதிருப்பார்களாக. அச்சொல்லும் ஒரு கருத்தேற்றமே, அதுவும் பலிக்கக்கூடும். நற்சொல் மருந்தின் வேலையைச் செய்யும் என்று தம் கடையில் கண்டறிந்த கூயே நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.