கல்லை நகர்த்தும் கரங்கள்: தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாழ்வும் பணியும்

சென்னை மெரினா கடற்கரையின் வடபகுதியில், பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்கு எதிரே, நான்கு மனிதர்கள் பெரும்பாறை ஒன்றை நகர்த்திக் கொண்டிருக்கின்றனர். இடுப்பில் துணி மட்டுமே உண்டு. முதுகெலும்பு வளைந்து, நரம்புகள் புடைத்து, உடல் முழுவதும் ஒரே முயற்சியாகத் திரண்டிருக்கிறது. 'உழைப்பாளர் சிலை' என்று சொல்லிப் பேருந்தில் பயணச்சீட்டு வாங்குவோர் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அதை வடித்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர் வங்காளத்தில் பிறந்து, தம் வாழ்வின் செழுமையான ஆண்டுகளைத் தமிழ் மண்ணுக்கு அளித்த ஓவியர், சிற்பி, எழுத்தாளர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

குருவும் சீடரும்

தேவி பிரசாத் 1899-ஆம் ஆண்டு, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் பகுதியின் தாஜ்ஹாட் என்னும் ஊரில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். வசதியான வாழ்க்கை அவருக்காகக் காத்திருந்தது. அவர் நாடியதோ வண்ணத்தையும் களிமண்ணையும். ஓவியக் கலையை அவர் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். மகாகவி ரவீந்திரநாதரின் உறவினரான அவனீந்திரநாதர் தலைசிறந்த ஓவியர். குழந்தைகளுக்கு இனிய கதைகள் எழுதியவரும்கூட. தூரிகையும் பேனாவும் ஒரே கையில் பொருந்தும் என்பதைச் சீடர் குருவிடம் நேரிலேயே கண்டார். பெங்களூரின் புகழ்பெற்ற ஓவியர் கே. வெங்கடப்பாவும் இதே குருவிடம் பயின்றவர்தாம்.

அவனீந்திரநாதரின் வழி மென்மையானது. நிறத்தைப் பூசி, நீரால் கழுவி, மீண்டும் பூசிப் பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற தோற்றத்தை உருவாக்குவது அது. தேவி பிரசாத் அதனை நன்கு கற்றுத் தேர்ந்தார். ஆயினும் அவரது இயல்பு வேறு. அவர் மல்யுத்தம் பயின்றவர், காடுகளில் வேட்டையாடியவர், புல்லாங்குழல் இசைத்தவர். உடலின் வலிமையும் எடையும் அவரை ஈர்த்தன. எனவே மேலைநாட்டு முறையில் உருவப்படம் வரைவதை ஓர் ஐரோப்பிய ஓவியரிடமும், சிற்பக் கலையை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் கற்றார். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் படைப்புகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன.

குரு காட்டிய பாதையிலிருந்து விலகுவது குருவை மறுப்பதாகுமா? இக்கேள்வி எந்தத் துறையில் கற்பவருக்கும் ஒரு நாள் எழுவதே. தேவி பிரசாத் இதற்கு வாதத்தால் விடை கூறவில்லை. குருவிடம் பெற்ற மென்மை அவரது ஓவியங்களில் தங்கியது. அவருக்கே உரிய வலிமை சிற்பங்களில் வெளிப்பட்டது.

சென்னை ஓவியப் பள்ளியில்

1929-ஆம் ஆண்டு அவர் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வெளிநாட்டவரே தலைமை வகித்து வந்த அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் தேவி பிரசாத்.

இதில் அழகிய தொடர்பு ஒன்று உண்டு. 1884-இல் இதே பள்ளிக்குத் தலைவராக வந்த ஈ.பி. ஹேவல், பின்னர் 1896-இல் கல்கத்தா ஓவியப் பள்ளிக்குச் சென்றார். இந்தியக் கலையின் பெருமையை உணர்ந்த அந்த ஆங்கிலேயரே அவனீந்திரநாதரைக் கண்டறிந்து ஊக்குவித்தவர். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற சுடர், ஒரு தலைமுறை கடந்து, அவனீந்திரநாதரின் சீடர் வழியாகச் சென்னைக்கே திரும்பியது எனலாம்.

அதுவரை அப்பள்ளியில் மரவேலை, உலோகவேலை போன்ற கைத்தொழில்களுக்கே முதலிடம் இருந்தது. தேவி பிரசாத் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உரிய இடத்தை அளித்தார். அச்சுப் படங்களைப் பார்த்து நகல் எடுக்கும் பழக்கத்தை மாற்றி, உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி வரையச் செய்தார். மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பி, மரத்தையும் தெருவையும் கடலையும் நேரில் கண்டு தீட்டச் சொன்னார். முதலில் பார், பிறகு வரை என்பதே அவரது கல்வியின் சாரம்.

மாணவர்களின் சுதந்திரம்

அவரிடம் பயின்றவர்களின் வரிசை நீண்டது. வங்காளத்திலிருந்து பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ்குப்தா போன்றோர் வந்து கற்றனர். 1943-இல் 'கல்கத்தா குழு' என்னும் நவீனக் கலைஞர் அமைப்பு உருவானபோது அதன் முன்னணியில் இவ்விருவரும் இருந்தனர். தென்னாட்டிலிருந்து வந்தவர்களில் சிற்பி தனபாலும் கே.சி.எஸ். பணிக்கரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

பணிக்கரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. குடும்பத்தைக் காக்க இளம்வயதிலேயே தந்தித் துறையில் வேலைக்குச் சென்ற அவர், 1936-இல், ஏறத்தாழ இருபத்தைந்து வயதில்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவரது ஓவியங்கள் ஆசிரியரின் வழியிலிருந்து முற்றிலும் விலகி, எழுத்துருக்களும் குறியீடுகளும் நிறைந்த புதிய உலகாக விரிந்தன. 1957-இல் தேவி பிரசாத் வகித்து வந்த பொறுப்பு பணிக்கரிடமே வந்தது. 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. பின்னாளில் தனபாலும் அக்கல்லூரியின் முதல்வரானார்.

தம்மைப் போலவே வரையும் சீடர்களை உருவாக்குவது ஓர் ஆசிரியருக்கு எளிது. அதில் அவரது அகந்தைக்கும் மகிழ்ச்சி உண்டு. தேவி பிரசாத் கண்டிப்பானவர், தம் கருத்தில் உறுதியானவர். ஆயினும் அவரிடம் பயின்றவர்கள் அவரவர் வழியில் வளர்ந்தார்கள். அவனீந்திரநாதரிடமிருந்து தாம் பெற்ற சுதந்திரம் அவரது மாணவர்களுக்கும் கிடைத்தது.

வெண்கலத்தில் வரலாறு

1937-இல் ஆங்கிலேய அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது வழங்கியது. அரசுப் பள்ளியின் தலைவர் என்ற முறையில் அந்த அரசின் ஊழியர் அவர். ஆனால் அவரது கைகள் யாருக்காக வேலை செய்தன என்பதைப் பிற்காலப் படைப்புகள் காட்டுகின்றன.

1942 ஆகஸ்ட் 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றச் சென்ற ஏழு இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். அவர்களுக்காக எழுந்த தியாகிகள் நினைவுச் சின்னத்தை வடித்தவர் தேவி பிரசாத். சிலர் வீழ்ந்துகிடக்க, சிலர் சாய்ந்துகொண்டிருக்க, முன்னே செல்பவரின் கையில் கொடி மட்டும் தாழாமல் நிற்கிறது. 1956-இல் அது திறந்து வைக்கப்பட்டது. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட 1936-ஆம் ஆண்டுப் பிரகடனத்தையும் அவர் சிற்பமாக்கினார். 'பசிக்கு இரையானோர்' என்ற பொருள்படும் 1952-ஆம் ஆண்டுப் படைப்பில் எலும்பும் தோலுமான மனித உடலை வெண்கலத்தில் நிறுத்தினார். மெரினாவில் 1959-இல் பிரதமர் நேரு திறந்து வைத்த, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் சிலையும் அவர் வடித்ததே.

ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, வலிமையை விரும்பிய மல்யுத்த வீரர், பசித்தவரின் உடலை அத்தனை கூர்ந்து பார்த்தார் என்பது வியப்புக்குரியது. வலிமையை உண்மையாக அறிந்தவருக்கே அது பறிபோவதன் துயரமும் தெரியும் போலும்.

உழைப்பின் வெற்றி

1959 ஜனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய தினம், உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. 1923 மே முதல் நாளில் இந்தியாவின் முதல் மே தின விழாவைச் சிங்காரவேலர் நடத்தியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். ஓவியப் பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும் இச்சிலைக்கு மாதிரியாக நின்றனர் என்று கூறப்படுகிறது. நாள்தோறும் வாசலில் காணும் ஒரு மனிதரின் உடலிலேயே காலங்கடந்து நிற்கும் வடிவத்தைச் சிற்பி கண்டிருக்கிறார்.

அச்சிலையின் ஆங்கிலப் பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள். ஆனால் அதில் பாறை இன்னும் நகர்ந்து முடியவில்லை. கொண்டாடும் முகம் எதுவும் இல்லை. நால்வரில் எவரும் பார்ப்பவரை நோக்கவில்லை. தம் வேலையிலேயே ஆழ்ந்திருக்கின்றனர். அப்படியானால் வெற்றி எங்கே? பலனில் அல்லாமல் முயற்சியின் முழுமையில்தான் அதைத் தேட வேண்டும். நால்வரும் ஒருவராகி, தம்மை மறந்து செய்யும் செயலில் அது இருக்கிறது. செயலில் மட்டுமே நமக்கு உரிமை என்னும் கீதையின் உபதேசத்தை அறிந்தவர்களுக்கு இச்சிலை அந்நியமாகத் தோன்றாது.

தூரிகையும் பேனாவும்

தேவி பிரசாத் வங்க மொழியில் சிறுகதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். 1956-இல் சென்னையில் கூடிய அகில இந்திய வங்க இலக்கிய மாநாட்டிற்கு அவரே தலைமை வகித்தார். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோவில் யுனெஸ்கோ நடத்திய கலைக் கருத்தரங்கிற்கும் தலைமை தாங்கினார். 1954-இல் மத்திய அரசு லலித் கலா அகாடமியை நிறுவியபோது அதன் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். 1958-இல் பத்ம பூஷண் விருதும், 1962-இல் அகாடமியின் உயர் மதிப்புறு உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன.

முடியாத பயணம்

பதவியிலிருந்து விலகிய பின்னரும் அவரது கைகள் ஓயவில்லை. அவர் மேற்கொண்ட கடைசிப் பெரும்பணி தண்டி யாத்திரைச் சிற்பம். காந்தியடிகள் முன்னே நடக்க, பல பிரிவுகளையும் சேர்ந்த பத்துப் பேர் பின்தொடரும் பதினொரு உருவங்கள். அப்பணி முழுமை பெறுவதற்கு முன்பே, 1975 அக்டோபரில் தேவி பிரசாத் மறைந்தார். பின்னர் அது நிறைவு செய்யப்பட்டுப் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2016-இல் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த தண்டி யாத்திரைக் காட்சி இச்சிற்பத்தைத் தழுவியதே. பல ஆண்டுகள் நாம் அனைவரும் அவரது படைப்பின் சாயலைக் கையில் வைத்திருந்தோம். அவர் பெயரை அறியவில்லை.

அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. பாறையை நகர்த்தும் அந்த நால்வருக்கும் பெயர் இல்லை. அடுத்த முறை மெரினாவுக்குச் செல்லும் அன்பர்கள் அச்சிலையின் முன் சற்று நேரம் நின்று, அந்தக் கைகளையும் முதுகுகளையும் பொறுமையாகப் பார்க்கட்டும். முதலில் பார் என்று தம் மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியருக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.