டி-போன் வாக்கர்

மின்சாரக் கிதார் ஒலிக்காத தேசம் இன்று இல்லை. ஆயினும், அவ்வாத்தியத்துக்கு வாக்களித்த முன்னோடிகளுள் ஒருவரான டி-போன் வாக்கரின் பெயரை அதை ஏந்தித் திரியும் வாலிபர்களிற் பலர் அறியார்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், லின்டன் என்னும் சிற்றூரில், 1910-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி கறுப்பர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஆரன் திபோ வாக்கர் என்பது இட்ட பெயர். திபோவே ஜனங்கள் வாயில் டி-போன் ஆயிற்று. டல்லாஸ் நகரில் வளர்ந்த காலத்தில், பிரசித்தி பெற்ற அந்தகப் பாடகர் ப்ளைண்ட் லெமன் ஜெபர்ஸனின் கைபற்றி வீதிகளில் அழைத்துச் சென்று, கேட்டோர் ஈந்த காசைச் சேகரித்ததே அச்சிறுவனுடைய குருகுலவாசம். அடிமைத் தளையில் உழன்றோரின் சந்ததியார் தம் துயரைப் பாடிய ப்ளூஸ் சங்கீதம் அவ்விதம் அவருக்குச் சித்தித்தது.

பித்தளைக் குழல்களும் முரசும் முழங்கும் கோஷ்டியிற் கிதாரின் குரல் எடுபடாது. தாளத்துக்குத் துணை நிற்பதோடு சரி. தந்திகளின் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் அமைத்து, அதிர்வை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கியில் எழுப்பும் உபாயம் 1930-களில் வந்தது. உரத்த சப்தம் மட்டும் வேண்டுவோர்க்கு அது போதும். வாக்கர் கண்டதோ வேறு. மெல்ல மீட்டினும் தூரத்தில் கேட்குமெனில், வாத்தியம் கூவ வேண்டியதில்லை. ஒற்றை ஸ்வரங்களை வளைத்தும் நீட்டியும், பாடகன் மூச்சு வாங்குவதுபோல் இடைவெளி விட்டும், பாட்டின் அடிதோறும் மறுமொழி கூறச் செய்யலாம். 1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பதிவுசெய்த ‘ஸ்டார்மி மன்டே’ பாட்டைக் கேட்டே மின்சாரக் கிதாரை நாடியவர் பி.பி. கிங். சக் பெரியும் அவருக்குக் கடன்பட்டவரே. கிதாரைத் தலைக்குப் பின்னே பிடித்து வாசிக்கும் வித்தையும் வாக்கருடையது. பிற்காலத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதைச் செய்து கீர்த்தி பெற்றார். அந்தக் கழைக்கூத்தை நாம் அவ்வளவாகப் போற்றுவதில்லை.

நெஞ்சை உறுத்துவது வேறொரு சங்கதி. 1942-ல் எர்ல் ஹைன்ஸ் கோஷ்டியார் வெளியிட்ட மற்றொரு பாட்டின் தலைப்பும் ஏறக்குறைய இதுவே. 1962-ல் பாபி ப்ளாண்ட் வாக்கரின் பாட்டைப் பாடி வெளியிட்ட தட்டில் அப்பழைய தலைப்பே விழுந்தது. பின்வந்தோர் சிலரும் அப்பிழையையே தொடர்ந்தனர். ஆக்கியோனுக்குரிய உரிமைப் பணம் பிறர் கணக்குக்குப் போயிற்று. தலைப்பின் பிழையால் சொத்து கைமாறுவது சட்டம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. எனினும், அப்பணம் வயோதிகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒரு கலைஞரின் உழைப்பு.

1971-ல் அவருக்கு கிராமி பரிசு கிடைத்தது. 1975 மார்ச் 16-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். 1987-ல், ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தார், அச்சங்கீதத்துக்கு வழிகாட்டியவர்கள் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.