சொதப்பல் நாவலும் சொல்லித்தரும்... க.நா.சு. படித்த பாடம்!

செம போர்னு பாதியிலேயே மூடி வெச்ச நாவல் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? கதை எழுதுற ஆசை இருந்தா, அதைத் திரும்ப எடுங்க. எந்தப் பக்கத்துல, எதனால போரடிச்சதுனு பிடிச்சிட்டீங்கன்னா, எழுத்துல பாதி வித்தை கைக்கு வந்துடும். தமிழ் நாவல்களை அப்படி அலசி அலசிப் படிச்ச ஒருத்தர் தஞ்சை மண்ணுல பிறந்தார். பேர் க.நா.சுப்ரமண்யம். சுருக்கமா, க.நா.சு.

1912-ல் வலங்கைமானில் பிறந்தவர். கும்பகோணத்திலும் சிதம்பரத்திலும் படித்தார். ஆரம்பத்தில் எழுதியது ஆங்கிலத்தில். மணிக்கொடி எழுத்தாளர்கள்தான் அவரைத் தமிழுக்கு இழுத்து வந்தார்கள். மாதச் சம்பளத்தைத் தேடாமல், எழுத்தை நம்பியே காலம் தள்ளினார். நட் ஹாம்சன், ஜார்ஜ் ஆர்வெல் எனப் பெரிய பெரிய நாவலாசிரியர்களைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

இவ்வளவு படித்தவர், பழைய தமிழ் நாவல்களை ஓரங்கட்டவில்லை. 1950-களில், முதல் ஐந்து தமிழ் நாவல்களைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

அந்த நாவல்களில் அப்படி என்ன இருக்கு?

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளியானது. கதை ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென ஒரு கிளைக்கதை வரும், பிறகு நீளமாக ஒரு புத்திமதி. நமக்கே கொட்டாவி வரும். ஆனா, ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு நாட்டையே ஆளுற இடம் வந்தா நிமிர்ந்து உட்காருவீங்க. ஆசிரியர் பேசும்போது கதை படுக்குது, பாத்திரம் செயல்ல இறங்கினா எழுந்துக்குது. ஒரே புத்தகத்துல ரெண்டையும் பார்க்கலாம்!

அடுத்தது, ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம். 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. முன்பாதியில் கிராமமும் ஊர் வம்பும் அப்படியே கண்முன் நிற்கும். பின்பாதியில் கதை வேதாந்தத்துக்குத் தாவிவிடும்.

இப்போ க.நா.சு. 1946-ல் கொண்டுவந்த பொய்த்தேவு நாவலை அதன் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதுவும் ஆன்மிகத் தேடல்தான். ஆனால், காவிரிக்கரைச் சாத்தனூரில் ஓர் ஏழைப் பையனாக இருக்கும் சோமு, கோயில் மணிச் சத்தத்தில் மயங்குகிறான். வளர்ந்து மளிகை வியாபாரத்தில் பணம் பார்க்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பண்டாரமாகிறான். தத்துவம் தனியா வந்து நிக்கலை. மணிச் சத்தம், கடை, காசுனு சோமு வாழ்க்கைக்குள்ளேயே கரைஞ்சு கிடக்கு. ராஜம் ஐயர் வழுக்கின அதே இடத்துல க.நா.சு. கால் ஊன்றி நடந்திருக்கார்.

அதுக்காக, க.நா.சு. நாவல்கள்ல குறையே இல்லைனு சொல்லலை. வேகமா எழுதுறவர். சில இடங்கள்ல அந்த அவசரம் தெரியும். அதுவும் நமக்குப் பாடம்தான்.

குறை சொல்வதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிசு. வாசகர்கள் கொண்டாடிய கல்கியும் இதே காவிரிக்கரைக்காரர்தான். அவர் எழுத்தையும் க.நா.சு. விட்டுவைக்கவில்லை. இப்படி வெளிப்படையாகப் பேசியே பகையைச் சம்பாதித்தார். சாகித்ய அகாடமி விருது 1986-ல்தான் கிடைத்தது. அதுவும் நாவலுக்கு இல்லை, விமர்சன நூலுக்கு! 1988-ல் டெல்லியில் காலமானார்.

அடுத்த தடவை ஒரு நாவல் படிக்கும்போது, உங்க கை தானா ரீல்ஸ் பக்கம் போகுதா? அந்தப் பக்க நம்பரைக் குறிச்சு வைங்க. அங்க யார் பேசுறாங்க, பாத்திரமா, ஆசிரியரானு பாருங்க. அதே காட்சியை நீங்களா இருந்தா எப்படி எழுதுவீங்கன்னு பத்து வரி டைப் பண்ணுங்க. அப்புறம் பொய்த்தேவை எடுத்துப் படிங்க!